சொல்லிக்கொள்ளாமல் போகிற வாசல்

சங்கரன்கோவில்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நம்ம பக்கத்து ஊர்களில் எல்லாம் இருப்பதுதான், ஆனால் இங்கே கொஞ்சம் கறாராக இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். சொல்லாமல் இறங்கினால் அது பெரிய குற்றம், அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் அதைச் சொல்லவே கூடாது. ஒன்று சாவு விழுந்த துஷ்டி வீடு, இன்னொன்று ஆஸ்பத்திரி. அங்கே திரும்பியும் வரவா போகிறோம்? வந்துவிடக் கூடாது என்றுதானே வேண்டிக்கொண்டு போகிறோம்! அதனால் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, டாக்டர் முகத்தைப் பார்க்காமல், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள்.

இந்தக் கதை அப்படி முப்பது வருடம் யாருமே தன்னிடம் சொல்லிக்கொண்டு போகாத ஒரு டாக்டரைப் பற்றியது. பெயர் முகம்மது ஹுசைன். பிறந்தது கடையநல்லூரில், தறிக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள் அவர்தான். சொந்த ஊரில் போர்டு மாட்டினால் வருகிறவர்களில் பாதிப்பேர் மாமா முறை, மீதிப்பேர் மச்சான் முறை, ஒருத்தரும் உண்மையான வியாதியைச் சொல்ல மாட்டார்கள் என்று சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டார். ஊர் அவரை உசேன் டாக்டர் ஆக்கிக்கொண்டது.

கடையநல்லூரிலும் இதே வழக்கம்தான், அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் பேசாமல் எழுந்து போகிறவனாக இருப்பது வேறு, நாள் முழுக்க அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிற சொந்தக்காரர்கள்கூடப் போகும்போது வாயைத் திறப்பதில்லை.

“நாள் பூரா எத்தன பேரு வாரான். ஒருத்தனாவது சொல்லிட்டுப் போறானா பாரு,” என்று ஒருநாள் மனைவி சாஜிதா பானுவிடம் புலம்பினார்.

“நல்லாருக்கே! திரும்ப வாரேன்னு எவனாவது சொன்னாத்தான் நீங்க கவலப்படணும்,” என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

பூ மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் இருந்தது அவருடைய கிளினிக். கிளினிக் என்று சொல்வதே அதிகம். ஒரு அறை, அதற்குள் ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில். காத்திருக்க இடம் கிடையாது. நேர் எதிரே சங்கரபாண்டியின் டீக்கடை. தெருவோரச் சாக்கடையான வாறுகால் மேல் கல் பாவி, அதன்மேல் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பக்கமும் நீள பெஞ்சு போட்ட கடை. நோயாளிகள் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். யாருக்குப் பின்னால் யார் என்பது சங்கரபாண்டியின் மண்டைக்குள் இருக்கும். டீ ஆற்றிக்கொண்டே எதிர்ப்பக்கம் ஒரு கண் வைத்திருப்பார். ஒரு நோயாளி இறங்கியதும், “அடுத்த ஆளு!” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் அடுத்த ஆள் தெருவைத் தாண்டுவான்.

அந்தக் கடைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரி காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கிறவனுக்கு முதல் வரிசை, கூடவே ஒரு சோடா. வரிசையைத் தாண்டி முண்டுகிற பெரிய மனிதர்களுக்கு, “அண்ணாச்சி, டாக்டரு இன்னைக்கு மூடு சரியில்லாம இருக்காரு, எதுக்கும் ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க,” என்று ஒரு பொய். தினமும் காலை கூட்டம் கொஞ்சம் ஓய்கிற நேரத்தில் டாக்டருக்குச் சீனி குறைத்து ஒரு டீ போகும். அதைச் சங்கரபாண்டியே கொண்டுபோய் வைப்பார்.

அப்படிக் கொண்டுபோய் வைத்த ஒருநாள் டாக்டர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து ரத்தம் எடுத்தார். சர்க்கரை.

“டாக்டரே, டீக்கடைக்காரனுக்கே சுகர்னு வெளிய சொல்லிராதீங்க. யாவாரம் படுத்துரும்!” என்றார் சங்கரபாண்டி. இருவரும் சிரித்த சிரிப்பில் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தவன் எழுந்துவிட்டான்.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை. ஒரு வருடம் மழை முடிந்து காய்ச்சல் வந்தது. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். வாறுகால் மேல் எல்லாரும் படிக்கட்டும் கொட்டகையும் கட்டி மூடியிருந்தார்கள், அடியில் தண்ணீர் நின்று கொசு பெருகிக் கிடந்தது. எல்லாருக்கும் தெரியும், ஆனால் இன்னொருவன் கடைப் படியில் கைவைக்க யாருக்கு மனசு வரும்? டாக்டர் மாத்திரை கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தார். ஒருவனை எழுப்பி அனுப்பினால் அதே வீட்டிலிருந்து அடுத்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“இதுக்கு ஊசி அங்க போடணும்,” என்று வாறுகாலைக் காட்டிச் சொன்னார் டாக்டர்.

“அப்ப நீங்களே சேர்மனுக்கு நில்லுங்களேன்!” என்றார் சங்கரபாண்டி. விளையாட்டாகச் சொன்னதுதான். பெஞ்சில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நகராட்சித் தேர்தலில் எந்தக் கட்சியும் இல்லாமல் தனி ஆளாக நின்றார். கிடைத்த சின்னம் சீப்பு. டாக்டருக்கோ தலையில் நாலு முடி! “வழுக்கத்தலைக்குச் சீப்பு, வாறுகாலுக்கு ஆப்பு” என்று சங்கரபாண்டி ஒரு கோஷம் கட்டி, கொட்டகை முழுக்கப் பிளாஸ்டிக் சீப்பாகத் தொங்கவிட்டார். டீ குடிக்க வருகிறவன் எல்லாம் தலையைச் சீவிக்கொண்டு போனான். முப்பது வருடமாக ஊரின் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்த மனுஷன், ஜெயித்துவிட்டார்.

ஜெயித்ததும் சொன்னதைச் செய்தார். அங்கேதான் வந்தது வினை. முதலில் தன் கிளினிக் படியைத்தான் உடைக்கச் சொன்னார். மறுநாள் காலை ஜேசிபி எதிர்ப்பக்கம் திரும்பியது. சங்கரபாண்டி ஒரு கிளாஸைக்கூட எடுத்து ஒதுக்கியிருக்கவில்லை. நம்ம டாக்டர்தானே, நம்ம கொட்டகையில் உட்கார்ந்து ஜெயித்தவர்தானே என்று அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். முந்தின நாளே தெருவைத் தாண்டி வந்து, நாளைக்கு இப்படி இடிக்க வருவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல டாக்டருக்குத் தோன்றவில்லை. தன் படியையே உடைத்தாயிற்று, இனி யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்துவிட்டார். நியாயம் சரியாக இருந்தால் வார்த்தை தேவையில்லை என்று படித்தவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, பாருங்கள், அது.

சங்கரபாண்டி கரண்டியும் கையுமாக அவரைப் பார்த்தார். டாக்டர், ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“வெட்டித்தான் எடுக்கணும் வே. வேற வழி இல்ல.”

தகரம் மடங்கி விழுந்தது. சீப்புகள் இரண்டு மூன்று இன்னும் அதில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. சங்கரபாண்டி பாலை இறக்கிவைத்து அடுப்பை அணைத்தார்.

அடுத்த மழைக்கு அந்தத் தெருவில் காய்ச்சல் இல்லை. ஆனால் வராத காய்ச்சலுக்கு யார் வந்து கும்பிடு போடுவார்கள்? குணமாக்கிய காய்ச்சலுக்குத்தான் வாழைத்தாரோடு வருவார்கள். சங்கரபாண்டி அதே இடத்துக்குப் பின்னால் ஒரு குச்சுக்கடையை வாடகைக்குப் பிடித்தார். நாலு பேர் நின்று குடிக்கிற இடம், பெஞ்சு போட வழியில்லை. காலை டீ நின்றுபோயிற்று. டாக்டர் உடைத்தது தன்னுடைய நோயாளிகள் உட்காருகிற இடத்தையும் சேர்த்துத்தான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைக்க நேரமும் இல்லை. சேர்மன் வீட்டு வாசலில் விடியும்போதே ஆள் நின்றது. பைப்பு, தெருவிளக்கு, வீட்டுவரி, பக்கத்து வீட்டுக்காரன் சுவர். அந்த ஐந்து வருடத்தில் அவருக்கு ஒரு விஷயம் மட்டும் சந்தோஷமாக இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வந்தவர்கள் எல்லாம் போகும்போது கைகூப்பி, “போயிட்டு வாரேன் சேர்மன்” என்றார்கள். முப்பது வருடப் பாக்கியைச் சேர்த்துக் கொடுப்பது மாதிரி ஊரே சொன்னது. அவரும் வாய் நிறைய, “போயிட்டு வாங்க, நாளைக்குப் பாப்போம்,” என்றார்.

அந்த ‘நாளைக்குப் பாப்போம்’ நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சாஜிதா பானு, “இடது தோளு ஒரு மாதிரி வலிக்கி, என்னன்னு பாருங்களேன்,” என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, வாசலில் மனுவோடு நிற்கிறவர்களிடம் சொல்வது மாதிரியே, “நாளைக்குப் பாப்போம்,” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். எம்.பி.பி.எஸ். படித்த மனுஷன்! இடது தோள் வலி என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்திருப்பார். மத்தியானம் அவர் வீடு திரும்பும்போது அந்த அம்மாள் மூச்சு அடங்கி மௌத்தாகியிருந்தாள்.

மையத்தை அடக்கம் செய்ய ஊரே வந்தது. சங்கரபாண்டியும் வந்தார். கபர்ஸ்தான் வரைக்கும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மண் போட்டு முடிந்ததும், டாக்டருக்கு எதிரே வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். துஷ்டியில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லைதான். அதனால் சங்கரபாண்டி வழக்கத்துக்காகப் பேசாமல் போனாரா, கோபத்தில் பேசாமல் போனாரா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடம் அதை யோசித்திருக்கிறார்.

பதவி முடிந்ததும் மறுபடி நிற்கவில்லை. கிளினிக்கைக் கழுவி, பழைய போர்டைத் துடைத்து மாட்டி உட்கார்ந்தார். ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் ஒருத்தரும் நாக்கை நீட்டவில்லை. “சேர்மன், வரிப்பேரு மாத்தணும், ஒரு வார்த்த சொல்லுங்களேன்.” “சேர்மன், நம்ம மருமவனுக்கு ஒரு வேல.” பதவி போன பிறகும் பெயர் போகவில்லை. நெஞ்சுவலி, மூலம், வெட்கப்பட்டுச் சொல்லவேண்டிய வியாதி எல்லாம் ராஜபாளையம் ரோட்டில் புதிதாக வந்த பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. சேர்மனிடம் போய் யாராவது வேட்டியை அவிழ்ப்பார்களா? எழுந்து போகும்போது மட்டும் தவறாமல், “போயிட்டு வாரேன் சேர்மன்.”

அதைக் கேட்கும்போதெல்லாம், இந்த வார்த்தைக்கா ஏங்கினோம் என்று இருந்தது அவருக்கு.

மகள் ஆபிதா ஷார்ஜாவில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து, “வாப்பா, இங்க வந்திருங்க, அங்கன தனியா என்ன பண்ணுதீங்க?” என்பாள். “பேஷண்ட் இருக்கு மக்கா,” என்பார். போனை வைத்துவிட்டுக் காலி நாற்காலியைப் பார்ப்பார். கிளினிக்கில் அவரைத் தவிர இருக்கிற ஒரே ஜீவன் அன்னக்கிளி. கூட்டுவாள், பஞ்சு வெட்டுவாள், ஊர்க்கதை பேசுவாள். அவளும் மத்தியானத்துக்கு மேல் வீட்டைப் பார்க்கப் போய்விட்டால், தெருவில் பூக்கூடை இறக்குகிற சத்தமும் திருவேங்கடம் பஸ் ஹாரனும்தான் துணை. தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை. ஒரு தும்மல் போட்டால்கூட நீடூழி வாழச் சொல்ல ஆள் இல்லை.

ஜன்னல் வழியாக எதிர்க்கடை தெரியும். பத்து வருடத்துக்கு மேலாக அவர் தினமும் பார்க்கிற காட்சி அது. சங்கரபாண்டிக்கு முடி நரைத்ததும், பல் விழுந்ததும், கண்ணாடி போட்டதும் அவருக்கு அங்கிருந்தே தெரியும். இந்த வருடம் ஆனி கடைசியில் ஒருநாள், சங்கரபாண்டி வலது காலை இழுத்து வைப்பதைப் பார்த்தார். மறுநாளும் இழுத்தார். அதற்கடுத்த நாள் காலில் துணி சுற்றியிருந்தது.

“அன்னக்கிளி, எதிர்க்கடையில அந்தாளு காலுக்கு என்ன?”

“கொதிக்க கொதிக்கப் பாலு சாஞ்சிட்டு, டாக்டரய்யா. எப்பன்னு கேட்டா அவுகளுக்கே தெரியல. வலிக்கவே இல்லங்காக. புத்துமண்ணக் குழப்பிப் பூசித் துணியச் சுத்தி வச்சிருக்காக. ஈ மொய்க்கி. கிட்டப் போனா ஒரு வாட வேற.”

டாக்டர் எழுந்தே விட்டார். வலிக்கவில்லையாம்! சர்க்கரைக்காரன் காலில் புண் வலித்தால் தப்பித்தான், வலிக்காவிட்டால்தான் ஆபத்து. புற்றுமண் கோயிலில் கொடுக்கிற பிரசாதம். ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு பொட்டலம் இருக்கும். டாக்டர் அதை ஒருநாளும் பழித்ததில்லை. “நெத்தியில பூசும், புண்ணுல பூசக்கூடாது” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். அந்த வாக்கியத்தை டீக்கடை பெஞ்சில் இருந்து ஊருக்கே பரப்பியவர் சங்கரபாண்டிதான். தெரிந்தேதான் பூசியிருக்கிறார். எதிரே இருக்கிற டாக்டரிடம் போவதைவிட இது மேல் என்று பூசியிருக்கிறார்.

அன்னக்கிளியிடம் சொல்லிவிட்டார், உடனே வரச்சொல் என்று. பதில் வந்தது.

“‘சேர்மன் ஆர்டர் போட்டுட்டாரோ’ன்னு கேக்காக,” என்றாள் அன்னக்கிளி. சொல்ல அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. “அதோட, நாளைக்குக் கொடியேத்தம்லா. எந்த வருசமும் விட்டதில்ல, இந்த வருசமும் ஆடிச்சுத்து சுத்தியே தீருவேங்காக.”

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நூற்றுக்கு மேல் சுற்று, வெறுங்காலில். ஆடிமாதத்து வெயிலில் கல்லும் தாரும் கொதிக்கும். அந்தக் காலோடு அவர் சுற்றினால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது என்பது டாக்டருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

நாளைக்குப் பார்ப்போம் என்று மனசு சொன்னது. உடனே சாஜிதாவின் இடது தோள் ஞாபகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அது அகலமான தெருவும் இல்லை. ராயகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் கொடியேற்றத்துக்கு வந்திறங்கிய கூட்டம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. ஆடிக்காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. டாக்டர் வாறுகாலைத் தாண்டிப் போய்க் கடைமுன் நின்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

“சேர்மன் வந்திருக்காரு, வழி விடுங்க,” என்றார் சங்கரபாண்டி, பாய்லரைப் பார்த்துக்கொண்டே. “இந்தக் கடையும் இடைஞ்சலா இருக்கோ என்னவோ.”

“காலக் காட்டும் வே.”

“எதுக்கு? வெட்டித்தான் எடுக்கணும், வேற வழி இல்லம்பீங்க. அத ஒரு தடவ கேட்டாச்சு.”

டாக்டருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கடைக்குள் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ன, டீ வேணுமா?”

“வேண்டாம். எனக்கு முன்னால எத்தன பேருன்னு சொல்லும். நான் காத்திருக்கேன்.”

சங்கரபாண்டி திரும்பிக்கொண்டார். கூட்டம் வந்தது, போனது. பால் தீர்ந்து வேறு பால் வந்தது. டாக்டர் அசையவில்லை. ஆட்டோ ஓட்டுகிற ராஜேஷ்குமார் டீ குடிக்க வந்தவன், இதுதான் சமயம் என்று, “சேர்மன், எங்க தெருவுல பைப்பு...” என்று ஆரம்பித்தான்.

“தம்பி, நான் சேர்மன் இல்ல. நானே இங்க வரிசையில இருக்கேன்,” என்றார் டாக்டர்.

ராஜேஷ்குமார் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நழுவினான். சங்கரபாண்டியின் கை பாய்லர் குழாயில் கொஞ்ச நேரம் நின்றது. வெயில் தாழ்ந்தது. டாக்டருக்கு முதுகு வலித்தது, எழுபதைத் தாண்டிய முதுகு. இந்த ஸ்டூல் கிடக்கிற இடத்துக்கு நேர் முன்னால்தான் அந்தப் பழைய பெஞ்சு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். இங்கே உட்கார்ந்து எத்தனை பேர் காத்திருந்தார்கள், இங்கிருந்து பார்த்தால் கிளினிக் எப்படித் தெரியும் என்பதே அவருக்கு இதுவரை தெரியாது. சின்னதாக, இருட்டாக, ஆளே இல்லாமல் தெரிந்தது.

அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சங்கரபாண்டி சொன்னார்.

“டாக்டரு இங்கன உக்காந்துக்கிட்டா அங்கன யாரு பாக்கது? போயி உங்க சீட்டுல இருங்க. ஆள அனுப்புதேன்.”

“யார?”

சங்கரபாண்டி தெருப்பக்கம் கையைக் காட்டினார். டாக்டர் எழுந்து தெருவைத் தாண்டி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நோயாளிக்குக்கூட அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

எதிரே இருந்து சத்தம் வந்தது. “அடுத்த ஆளு!”

குரல் பழைய மாதிரி இல்லை, கம்மிப்போயிருந்தது. கத்தியவரே காலை இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, வாசல் ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

துணியை அவிழ்க்கும்போது அன்னக்கிளி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மருந்துத் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவினார். கழுவின மண்ணைக் குப்பை வாளியில் விடவில்லை. ஒரு பேசினில் தனியாகப் பிடித்துவைத்தார். சங்கரபாண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த சதையை வெட்டி எடுத்தபோதும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரத்துக்கு வந்து கத்தரி நல்ல சதையில் பட்டதும், “ஆத்தாடி!” என்று துள்ளினார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் டாக்டர். “வலிக்கி பாரும். வலிச்சா கால் இருக்குன்னு அர்த்தம்.”

“வெட்டணுமா?”

“சுண்டுவிரல் நிக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். திருநெல்வேலிக்கு எழுதித் தாரேன், நாளைக்கே போயி ஆபரேஷன் டாக்டருகிட்ட காட்டணும். ஆனா கால் நிக்கும். நீரு நாளைக்கு வெறுங்கால்ல கோயிலச் சுத்தினா அதுவும் நிக்காது.”

“அப்ப என் சுத்து?” சங்கரபாண்டியின் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

“உங்களுக்கும் சேத்து நான் சுத்துதேன் அண்ணாச்சி. நான் எப்படியும் சுத்தத்தான செய்யணும்,” என்றாள் அன்னக்கிளி. பேசினை எடுத்துக்கொண்டு, மண்தண்ணீரை வாசல் நந்தியாவட்டைச் செடி மூட்டில் ஊற்றப் போனாள்.

கட்டுப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் டாக்டர் சொன்னார். “அன்னைக்கு முந்தின நாளே வந்து உம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.”

சங்கரபாண்டி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“சொல்லியிருந்தா நானே பிரிச்சிருப்பேன், டாக்டரே. தகரத்த ஒவ்வொண்ணா நானே கழத்தி வச்சிருப்பேன். பெஞ்ச இங்கன கொண்டாந்து உங்க வாசல்ல போட்டிருப்பேன்.”

டாக்டர் போட்ட கட்டின் கடைசி முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துபோயிற்று. பத்து வருடத்துக்கு மேல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தது ஒரு கொட்டகைக்காக இல்லை, ஒரு வார்த்தைக்காக. அதை நினைக்க நினைக்க அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடிச்சைப் போட்டார்.

சங்கரபாண்டி கம்பைப் பிடிக்கிற மாதிரி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டுப்போட்ட காலை ஊன்றிப் பார்த்தார். வாசல்வரை நடந்தவர், அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிடுவாரோ? ஊரில் எல்லாரும் சொல்கிறார்களே. மரியாதைக்குச் சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று, இதுவும் ஒரு சேர்மன் வீட்டு வாசல்தான் என்று ஆகிவிடும். யா அல்லாஹ், சொல்லிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

சங்கரபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக வாசல் இறங்கி, வாறுகாலைத் தாண்டி, கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்குள் புகுந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

அறை பழையபடி காலியாகிவிட்டது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னக்கிளி காலி பேசினோடு உள்ளே வந்தாள்.

“என்ன, அண்ணாச்சி போயாச்சா? போகும்போது ஏதும் சொன்னாகளா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணும் சொல்லல, அன்னக்கிளி,” என்றார். “மனுசன் ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரு.”